சாயம் பூசாத மட்டி

எங்கள் ஆய்வுகூடத்தில் சாயம் ஏற்றிப் பார்த்ததெல்லாம் செத்துப்போனவைதான். இதைச் சொல்லிச் சொல்லியே அங்கே என் மரியாதையை இழந்தேன். இருந்ததும் கொஞ்சம்தான்.

துறைமுக வீதியோரம் இரண்டு அறைகள். மட்டிச் சிப்பியின் செவுளை வெட்டி, ஃபோமலினில் போட்டுக் கொன்று, சாயமேற்றிப் படமெடுப்பது வழக்கம். எனக்கோ அது உயிரோடு வேண்டும். அதற்கென்று ஒரு வில்லை எங்கள் நுணுக்குக்காட்டியிலேயே இருந்தது. செவுளின் தடித்த இடங்களில் ஒளி சற்றுத் தாமதித்து வெளியே வரும். அந்தத் தாமதத்தை வில்லை கறுப்பும் வெளுப்புமாக்கிக் காட்டிவிடும். சாயமே தேவையில்லை.

"பின்னேரத்துக்குள்ள ஒரு தெளிவான படம் காட்டுங்கோ தம்பி," என்றார் எங்கள் பொறுப்பாளர் மிஸ். "இல்லாட்டி இனி இந்தக் கதை வேண்டாம்."

கூட வேலை செய்யும் கிண்ணியாக்கார நண்பன் காத்திருந்தவன்போல வந்தான். "மட்டிக்குச் சாயம் போடமாட்டியாம்? கறிக்கு மஞ்சளாவது போடுவியா மச்சான்?"

"கறியில அது செத்திருக்கும். அப்பப் போடுவன்."

படம் வரவில்லை. வீதியில் மாவு ஆலை லொறி போகும்போதெல்லாம் மேசை நடுங்கியது, செவுள் பேயாடியது. முச்சக்கரவண்டி திருத்தும் கடையில் அதிர்வைத் தாங்கட்டுமென்று ஒரு சக்கர டியூபைக் கேட்டு வாங்கி, அதன்மேல் பலகை வைத்து, நுணுக்குக்காட்டியை ஏற்றினேன். நான் கெட்டிக்காரன் அல்லவா, டயருக்கு அடிப்பதுபோல் கல்லாகக் காற்றடித்திருந்தேன். அடுத்த லொறிக்கு நுணுக்குக்காட்டி துள்ளிக் குதித்தது.

"டியூபைத் தா, உப்புவெளிக் கடலில நீந்தவாவது உதவும்," என்றான் நண்பன்.

ஆத்திரத்தில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டேன். டியூப் தொய்ந்தது. லொறி வந்தது, போனது. படம் அசையவில்லை.

அசைந்தது செவுள்தான். நுண்மயிர்கள் வரிசை வரிசையாக அலையடித்து ஒரு மணல் துகளைத் தள்ளிக்கொண்டிருந்தன. மட்டியிலிருந்து தன்னை வெட்டியெடுத்ததை அதற்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பொறுப்பாளர் நெடுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு. எதுக்கும் இதையும் வழமைபோல சாயம் போட்டு வைப்பம்." கை ஃபோமலின் போத்தலுக்குப் போனது.

"ஏலாது மிஸ்."

"என்ன ஏலாது?"

"படம் கேட்டீங்கள், காட்டிட்டன். இதைக் கொல்ல விடமாட்டன். இன்னும் வேலை செய்யுது."

"தம்பி, இது மட்டி."

"ஓம் மிஸ். மட்டிதான்."

மிஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். "சரி, அது தானா நிக்குமட்டும் பாப்பம். தள்ளி இருங்கோ."

தள்ளி இருந்தேன். போத்தலை மட்டும் என் மடியில் வைத்துக்கொண்டேன்.