ஃபெரெட்டில் யார் உட்காருவது?

நார்மன் என் பக்கத்து வீட்டுக்காரன். இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வட்டாரம் முழுக்க ரொட்டி வண்டி ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். விற்காமல் மிஞ்சிய ரொட்டியெல்லாம் அவன் வயிற்றில்தான் இருக்கிறது என்பாள் மனைவி டோரீன். ராணுவம் கழித்துவிட்ட கவச வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்க வேண்டும் என்பது அவன் நெடுநாள் ஆசை. அதிலும் ஃபெரெட் என்ற ரகம்தான் வேண்டும். நாலு சக்கரம், இரண்டு பேருக்கு இடம், வீட்டுக் கொட்டகைக்குள் அடங்கிவிடும்.

டோரீனுக்குக் கார் ஓட்டத் தெரியும். ஆனால் ரவுண்டானாவில் ஒரு லாரி அவள் காரை இடித்துத் தள்ளிய பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவேயில்லை. கடை, தேவாலயம், முடி திருத்தும் இடம் எல்லாவற்றுக்கும் நார்மன்தான். அவன் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

பழைய ராணுவ வண்டி விற்கும் ட்ரெவரின் கிடங்குக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். எனக்கு வேறு வேலை கிடையாது என்று இருவருக்கும் நினைப்பு. ட்ரெவரிடம் ஒரு வழக்கம் உண்டு. அவன் டீ போட்டுக்கொண்டு வரும்வரை, வாங்க வந்தவர் வண்டியின் மேல்மூடியைச் சாத்திக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முடிந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

நார்மன் அங்கே நின்ற ஃபெரெட்டில் ஏறிக் கால்களை உள்ளே விட்டான். இடுப்புவரை போனது. அதற்குமேல் வயிறு சம்மதிக்கவில்லை. மூச்சை இழுத்தான், கோட்டைக் கழற்றினான், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தான். நானும் ட்ரெவரும் அவனை வெளியே இழுத்து முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது.

ட்ரெவர் சிரிக்கவில்லை, நல்ல மனிதன். பின்கதவு வைத்த பெரிய வண்டியைக் காட்டினான். அதற்குள் நார்மனின் வீட்டையே வைக்கலாம்.

"பரவால்ல, வேணாம்" என்று நார்மன் கோட்டை மாட்டிக்கொண்டான். பொத்தானைத் தப்பான துளையில் போட்டான்.

டோரீன் கைப்பையை என்னிடம் கொடுத்தாள். யாரையும் கேட்காமல் ஃபெரெட்டில் ஏறி, உள்ளே இறங்கி, மூடியைச் சாத்தச் சொன்னாள்.

நார்மன் இரும்பைத் தட்டினான். "கண்ணு, வெளிய வா. எனக்காக இதெல்லாம் வேணாம்."

"ஒனக்காக இல்ல, சும்மா இரு. லாரி வந்து மோதினா என்ன ஆகும்னு அவர்கிட்ட கேளு."

"லாரிக்குத்தான் சேதம், மேடம்" என்றான் ட்ரெவர்.

உள்ளே ஸ்டீயரிங் திரும்பும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் ஓட்றேன். நீ மேல உக்காந்து வழி சொல்லு, நார்மன். இத்தன வருஷம் நான் சொன்ன வழிய நீ கேட்டியா? இனிமே நீ சொல்லு, நான் கேக்க மாட்டேன்."

ஃபெரெட்டை வாங்கி வந்தார்கள். அந்த வண்டியில் கியரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகுதான் பெடலை மிதிக்க வேண்டும். அரைகுறையாக மிதித்தால் அது திருப்பி உதைக்கும். டோரீனின் முழங்கால் நீலம் பாரித்தது. களிம்பு தடவிக்கொண்டு அவள் திட்டிய திட்டு என் வீடுவரை கேட்டது. ஆனாலும் விடவில்லை.

கோடைத் திருவிழாவுக்குப் போகும் நேர்வழியில்தான் லாரி இடித்த அந்த ரவுண்டானா இருந்தது. நான் காரில் பின்னால் போனேன். என்ஜின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது. மேலே உட்கார்ந்த நார்மன் அவள் தோளைத் தட்டித்தான் வழி சொல்ல வேண்டும். ரவுண்டானாவுக்கு முன்பே சுற்றுவழியில் திரும்பச் சொல்லி அவன் தட்டினான். அவள் நேராகப் போனாள். எதிரே ஒரு லாரி வந்தது. ஃபெரெட் நின்றது, நெடுநேரம் நின்றது. நார்மன் தட்டவில்லை. அவள் தோளில் கையை வைத்தபடியே இருந்தான். பிறகு வண்டி மெல்ல நகர்ந்து ரவுண்டானாவைக் கடந்தது.

அடுத்த வாரம் காலையில் அவர்கள் கார் கிளம்பும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். வாசலில் நார்மன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"முடி வெட்டிக்கப் போயிட்டா" என்றான். "என்னக் கூப்பிடவேயில்ல."

கண் நிறைந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு.