பெரியப்பா முழுசா விழுந்த போட்டோ

போர்ட் பிளேரில் ஸ்டுடியோ வைத்திருக்கிற எவனும் கல்யாணத்துக்கு முந்தின நாள் புது கேமராப் பெட்டியைப் பிரிக்கக் கூடாது. நான் பிரித்தேன். இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு என்னால் சொல்ல முடிந்த உருப்படியான புத்திமதி இதுதான். மீதியெல்லாம் நான் எப்படி முழித்தேன் என்கிற கதை.

1. மாட்டும் சார்

சுனாமி வந்துபோன இரண்டு மூன்று வருஷத்தில் ஃபிலிம் தொழில் இங்கே படுத்துவிட்டது. கப்பல் வந்தால் ரோல் வரும். ரோல் வந்த சமயம் லேபில் கெமிக்கல் இருக்காது. சரி, நாமும் டிஜிட்டலுக்குப் போவோம் என்று முடிவு செய்தேன். கையிருப்புக்கு எட்டியது இருப்பதிலேயே சின்ன டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். அதிலும் லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும். ஃபிலிம் காலத்து 35-70 ஜூம் லென்ஸ் என்னிடம் இருந்தது, அதே கம்பெனி. மெயின்லேண்ட் கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"நம்ம பழைய லென்ஸ் இதுல மாட்டுமா?"

"மாட்டும் சார். கண்ணை மூடிட்டு வாங்குங்க."

கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன். பழைய ஃபிலிம் பாடியை ஒரு நல்ல மனிதர் தலையில் கட்டினேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் புதுப் பெட்டி வந்து சேர்ந்தது. லென்ஸை வைத்துத் திருகினேன். 'டிக்' என்று உட்கார்ந்தது. ஷட்டர் பட்டனை அரை அழுத்து அழுத்தினேன். பழைய கேமரா என்றால் 'கர்ர்' என்று லென்ஸைத் திருப்பி ஃபோகஸ் செய்யும். இது கம்மென்று இருந்தது. மறுபடி அழுத்தினேன். பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். சாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுத்தினேன்.

விஷயம் இதுதான். பழைய கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் இருக்கும். இந்த மலிவு பாடியில் அதை எடுத்துவிட்டார்கள். புது லென்ஸ்களில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே வருமாம். என் லென்ஸிலும் மோட்டார் இல்லை, பாடியிலும் இல்லை. பந்திச் சாப்பாட்டை அந்த வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்று இரண்டு சம்பந்தியும் நினைத்த கல்யாணம் மாதிரி.

மறுபடி போன் போட்டேன்.

"சார், மாட்டுச்சா இல்லையா?"

"மாட்டுச்சு."

"அப்புறம் என்ன சார்?"

போனை வைத்தேன். மறுநாள் நல்ல முகூர்த்தம் என்பதால் ஊரில் எவனிடமும் இரவல் கேமரா கிடையாது. கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எனக்கோ வெள்ளெழுத்துக் கண்ணாடி வந்து ஆறு மாசம். வியூஃபைண்டரோ சாவித் துவாரம் அளவு. ஒரே புண்ணியம், ஃபோகஸ் சரியாக விழுந்தால் அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. என் மனைவி செல்வியைச் சுவரோரம் நிறுத்திப் பழகினேன். புள்ளி வந்தது, போனது, வந்தது.

"கேமராவுக்கும் கண்ணு தெரியல, உங்களுக்கும் தெரியல," என்றாள். "பொருத்தம் பார்த்துத்தான் வாங்கியிருக்கீங்க. நகருங்க, சாம்பார் கொதிக்குது."

2. ஒரு காதும் ஒரு கைக்கடிகாரமும்

பெண்ணைப் பெற்றவர் சோலையப்பன், வீடு பத்துபஸ்தியில். அரசாங்க ஸ்டோரில் வேலை. மாப்பிள்ளை ஹேவ்லாக் தீவில் ஒரு ரிசார்ட்டில் சமையல்காரர். அட்வான்ஸ் கொடுத்த அன்றே சோலையப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மணி, மத்த படம் எப்படி வந்தாலும் சரி. குரூப் போட்டோவுல எங்கண்ணன் முழுசா விழணும்."

அவருடைய அண்ணன், பெண்ணுக்குப் பெரியப்பா, கருப்பையா. சிப்பிகாட்டில் விவசாயம். மூத்த பெண் கல்யாணத்தில் வேறொரு போட்டோகிராஃபர் எடுத்த குரூப் போட்டோவில் கருப்பையா ஓரத்தில் நின்றிருந்தார். பிரிண்டில் வந்தது அவருடைய ஒரு காதும் ஒரு கைக்கடிகாரமும் மட்டும். தம்பி வேண்டுமென்றே வெட்டச் சொன்னான் என்று அன்றைக்குப் பேச்சை நிறுத்தியவர்தான். சுனாமியில் அவர் வயலில் கடல் தண்ணீர் ஏறியபோது தம்பி ஓடிப்போய் வரப்பில் நின்றாராம். அண்ணன் எதிர் வரப்பில் நின்றாராம். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்தார்களே தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தக் கல்யாணத்துக்கு அண்ணன் வந்ததே அண்ணியின் கண்ணீரால்.

தாலி கட்டியதை எப்படியோ எடுத்தேன். நெருக்கத்தில் நின்றதால் பிரச்சனை இல்லை. பிறகு சோலையப்பன் மைக்கில் கூப்பிட்டார்: "எல்லாரும் குரூப் போட்டோவுக்கு வாங்க."

ஐம்பது அறுபது பேர் மேடையில் ஏறினார்கள். கருப்பையா நேராகப் போய் வலது கோடியில் நின்றார்.

"நடுவுல வாங்கண்ணே," என்றேன்.

"நான் இங்கதான் நிப்பேன். இந்தத் தடவ என்ன பண்றாங்கன்னு பாக்குறேன்."

வியூஃபைண்டரில் பார்த்தேன். பெண், மாப்பிள்ளை, பக்கத்துக்கு நாலு பேர். அவ்வளவுதான். மீதி ஜனத்தைக் காணோம். பின்னால் போனேன், இன்னும் போனேன், முதுகு சுவரில் முட்டியது. கருப்பையா ஃபிரேமுக்கு வெளியே ரொம்ப தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இந்த பாடிக்குள் இருக்கிற சென்சார் ஃபிலிமைவிடச் சின்னது. லென்ஸ் கொடுக்கிற காட்சியில் நடுப்பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு ஓரத்தையெல்லாம் விட்டுவிடும். என் லென்ஸின் 35 இதில் ஏறக்குறைய ஐம்பது ஆகி, பார்வை அவ்வளவுக்குக் குறுகிவிட்டது. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு காது கூட வராது என்பதுதான்.

"ரெண்டு துண்டா எடுத்து ஒட்டிரலாமாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார் சோலையப்பன்.

மேடைக் கோடியிலிருந்து குரல் வந்தது. "அப்ப நான் ரெண்டாவது துண்டா?"

வாய் தானாகப் பேசியது. "இங்க லைட்டு டல்லு. எப்படியும் பொண்ணு மாப்பிள்ளையை ஹேவ்லாக் கப்பலுக்கு வழியனுப்பப் போறோம்ல? அங்க துறைமுக ஜெட்டியில எடுத்தா கப்பல் பேக்ரவுண்டுல ரிச்சா இருக்கும்."

ஜெட்டியில் இடம் தாராளம், எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் போகலாம் என்பது என் கணக்கு. கூட்டத்துக்கு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது.

3. பின்னால் போனது

ஜெட்டி நீளம்தான். அகலம் இல்லை. ஒரு பக்கம் ஹேவ்லாக் கப்பல், மறுபக்கம் எதிர்க்கரை பாம்பூஃபிளாட்டுக்கு ஆளையும் ஸ்கூட்டரையும் ஏற்றிப் போகிற ஃபெர்ரி. கப்பலுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தை வரிசையாக நிறுத்தினேன். முன்னால் உட்காரச் சொன்னால் பட்டுப்புடவை டீசலாகும் என்றார்கள். கருப்பையா கோடியில் கை கட்டி நின்றார். நான் பின்னால் போனேன். நாலு எட்டில் ஜெட்டி முடிந்துவிட்டது. ஃபிரேமில் பாதிக் கூட்டம்.

"ஜல்தி மணி, கப்பல்காரன் கூப்பிடுறான்," என்றார் சோலையப்பன்.

திரும்பிப் பார்த்தேன். ஃபெர்ரியின் பலகை கரையோடு கிடந்தது. அதில் ஏறி, ஸ்கூட்டர்களுக்கு நடுவே புகுந்து, அந்தக் கோடிக் கம்பியில் முதுகைச் சாய்த்தேன். முக்கால்வாசிப் பேர் வந்துவிட்டார்கள். கருப்பையாதான் வரவில்லை. பச்சைப் புள்ளியைத் தேடி வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தேன். புள்ளி வந்து அணைந்தது. மறுபடி திருகினேன், மறுபடி அணைந்தது. ஆனால் ஒரு அதிசயம் நடந்தது. இடது ஓரத்தில் ஒரு அத்தை உள்ளே வந்தாள். வலது ஓரத்தில் ஒரு தோள் வந்தது. அப்புறம் ஒரு காது. ஒரு கைக்கடிகாரம். கருப்பையா முழுசாக, வேட்டியோடு, உள்ளே வந்தார்.

லென்ஸுக்கு புது பாடி பழகிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 'எல்லாரும் இங்க பாருங்க' என்று கத்திவிட்டு ஒரு கிளிக்.

பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஆள் கேட்டான்: "போட்டோவாலா, டிக்கெட் லியா க்யா?" டிக்கெட் எடுத்தாயா என்கிறான்.

அப்போதுதான் கண்ணை எடுத்தேன். எனக்கும் ஜெட்டிக்கும் நடுவே கடல் இருந்தது.

கரையில் சோலையப்பன் வரிசையை விட்டு ஓடி வந்தார். "டேய் மணி, எங்கடா போற?" கோடியிலிருந்து கருப்பையாவும் ஓடி வந்தார். "யோவ், பொண்ணு கப்பல் இதுய்யா, நீ எந்தக் கப்பல்ல போற?" விளிம்பில் தம்பி சறுக்கப் பார்க்க, அண்ணன் அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்காமல் மறு கையை என் பக்கம் நீட்டித் திட்டினார். தம்பியும் திட்டினார். "அண்ணே, இவனை நம்பி அட்வான்ஸ் குடுத்தேன்ணே." "உனக்கு வேற ஆளே கெடைக்கலையாடா?" பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் மொத்தச் சொந்தமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பதறினால் என் விரல் தானாக பட்டனை அழுத்தும். அழுத்தியது. பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

பாம்பூஃபிளாட் போய், டீ குடித்து, அதே ஃபெர்ரியில் திரும்பி வந்தேன். அவசரமே இல்லை. ஹேவ்லாக் கப்பல் போயே விட்டது.

4. எட்டுக்குப் பத்து

சின்ன கேமராவைக் குறை சொல்லமாட்டேன். உச்சி வெயிலில் அந்தப் பழைய லென்ஸ் அவ்வளவு துல்லியமாக எடுத்திருந்தது. பெரிய பிரிண்டில் திட்டுகிற இரண்டு வாயிலும் வெற்றிலைக் காவி தனித்தனியாகத் தெரிந்தது. ஒழுங்காக வரிசையில் நிற்கிற முதல் படத்தைச் சோலையப்பன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டுகிற படத்தைத்தான் ஹாலில் மாட்டினார்.

ஒரு வாரம் கழித்துக் கருப்பையா ஸ்டுடியோவுக்கு வந்தார். கௌண்டரில் இருந்த காப்பியை ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழுசாத்தான் எடுத்திருக்கே. ஆனா திட்டுற மாதிரி எடுத்திருக்கே."

"திட்டினீங்களேண்ணே."

"பின்னே, திட்டாம?" பையிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்து வைத்தார். "எனக்கும் ஒண்ணு போடு. இந்த அளவுக்கு."

எட்டுக்குப் பத்து அங்குல ஃபிரேம். நான் எடுத்த படமோ அதைவிட நீளவாக்கு. நான் யோசிக்காமல் தொழில் பேசினேன்.

"இந்த சைஸுக்குப் போட்டா ஓரத்துல கொஞ்சம் வெட்டணும்ணே."

கருப்பையா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யாரை?"

மேலேயும் கீழேயும் வெள்ளை விட்டு, ஒருத்தரையும் வெட்டாமல் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து எந்த லென்ஸ் வாங்கினாலும் மாட்டுமா என்று நான் கேட்பதில்லை. மாட்டின பிறகு யார் யார் வெளியே நிற்பார்கள் என்றுதான் கேட்கிறேன்.