வேண்டாம் என்று சொல்லிப் பட்டினி கிடந்த கப்பல்

கப்பலில் பட்டினி கிடந்தவள் என்று என் மகள் இன்றைக்கும் என்னைக் கேலி செய்வாள். கிடந்தது உண்மைதான். ஆனால் அது சோறு இல்லாத பட்டினி அல்ல. சோறு, மீன், கோழி, ரொட்டி, பழம் எல்லாம் மூக்குக்கு நேரே வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போன பட்டினி. அதில் பாதித் தப்பு என்னுடையது, பாதி கப்பல்காரனுடையது. என் பாதியை நான் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. என் வீட்டுக்காரர் பினாங்கில் கடை வைத்திருந்தார். கல்யாணம் முடிந்த சில மாதத்தில், நான் மூன்று மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது, ஆறு மாதத்தில் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினார். அதற்குள் பினாங்குக்கு ஜப்பான்காரன் வந்துவிட்டான். ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதற்கே வருஷக்கணக்கில் தகவல் இல்லை. என் தாய் வீடு பரளச்சி. அங்கேதான் மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்து வயது நடக்கும்போது கடிதாசி வந்தது, பின்னாலேயே கப்பல் டிக்கெட்டும் வந்தது. அப்பா என்றால் அவளுக்கு ஒரு போட்டோ, அவ்வளவுதான். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது.

கடிதாசியில் சுகம் விசாரித்தது இரண்டு வரி. மிச்சம் மூன்று பக்கமும் சாப்பாட்டைப் பற்றி. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் கழித்து எழுதுகிற மனுஷன் சூப்பையும் ரொட்டியையும் பற்றியா எழுதுவார் என்று கடிதாசியைத் தூக்கி எறிந்தேன். ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் நானே எடுத்து மறுபடி படித்தேன். அப்போதுதான் விஷயம் புரிந்தது.

டெக்கில், அதாவது திறந்த தட்டில் வருகிறவர்களைப் பினாங்கில் இறக்கியதும், நோய் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தீவில் கொண்டுபோய் நாள் கணக்கில் வைத்துவிடுவார்களாம். அதனால்தான் கஷ்டப்பட்டு இரண்டாம் வகுப்பு எடுத்திருக்கிறார். கேபினில் வருகிறவர்களை டாக்டர் பார்த்துவிட்டு விட்டுவிடுவார். ஆனால் சோர்ந்து கிடக்கிற பிள்ளை கண்ணில் பட்டால் அதற்கும் தீவுதான். தீவில் காய்ச்சல் பரவிக் கிடக்கிறது, அங்கே போன இரண்டு பிள்ளைகள் திரும்பவில்லை என்று எழுதியிருந்தார். 'பிள்ளை தெம்பாக இறங்க வேண்டும். கப்பலில் கொடுப்பதை எல்லாம் கூச்சப்படாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்' என்று அடிக்கோடு போட்டிருந்தார்.

அந்தக் கோடையில்தான் பிள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டு இறங்கியிருந்தது. வானம் பொய்த்த வருஷம் வேறு. கம்பங்கூழும் கேப்பைக் கஞ்சியும் குடித்து, கை கால் குச்சியாக இருந்தாள். கடிதாசியைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

கடிதாசியோடு ஒரு அட்டையும் வைத்திருந்தார். அவருடைய கூட்டாளி ஒருவர் கப்பலில் வந்தபோது சாப்பாட்டு மேசையில் வைத்த அட்டை. கல்யாணப் பத்திரிகை மாதிரி வழுவழு என்று இருந்தது. பன்னிரண்டு வரி இங்கிலீஷ். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அவர் தமிழில் எழுதியிருந்தார்: இது சூப்பு, தண்ணியாக இருக்கும். இது மீன், முள் இருக்காது. இது கறியும் சோறும், உனக்கு இதுதான் சரி. இது இனிப்பு, ஆடும், பயப்படாதே. ஒரு வரிக்கு மட்டும் சிவப்பு மை: 'மாடு, தொடாதே.' எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தச் சிவப்பு மை வரியின் இங்கிலீஷ் எழுத்துகளை மட்டும் கோலம் மனப்பாடம் பண்ணுவது போலப் பண்ணிவிட்டேன்.

தெருவே வந்து அந்த அட்டையைப் பார்த்தது. ஒரே வேளைக்கா இத்தனை என்று வாயைப் பிளந்தார்கள். என் நாத்தனார் கெட்டிக்காரி, என் வயதுதான். ஒத்திகை பார்த்துவிடுவோம் என்றாள். உரலின் மேல் பலகையைப் போட்டு மேசையாக்கினாள். கடிதாசியில் எழுதியிருந்தபடி முழங்கையில் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு பட்லராக வந்து நின்றாள்.

"சூப்பு வேணுமா?"

"வேணாம் தாயி, இப்பத்தான் சாப்புட்டேன்."

"அட, ஒரு வாய் குடிங்க மதினி."

"வேணாங்குறேன்ல."

"எனக்காக ஒரு வாய்."

"சரி, கொஞ்சமா ஊத்து."

இப்படியே பன்னிரண்டு வரிக்கும் நடந்தது. எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. யாராவது சாப்பிடச் சொன்னால் முதல் தடவை வேண்டாம் என்போம். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால்தான் அது உண்மையான அழைப்பு, அப்போது கையை நனைக்கலாம். முதல் தடவையே சரி என்று உட்காருகிறவளைப் பறக்காவெட்டி என்பார்கள். அந்தப் பெயர் விழுந்தால் அவளுக்கு மட்டுமல்ல, பெற்றவளுக்கும் சேர்த்துத்தான். அதனால் பிள்ளைக்கும் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து இதைச் சொல்லி வளர்த்திருந்தேன்.

"பட்லர் கேட்டா என்ன சொல்லணும்?" என்று நாத்தனார் அவளைக் கேட்டாள்.

"வேணாம்."

"பெறகு?"

"மறுக்கா வேணாம். பெறகு அம்மா மொகத்தப் பாக்கணும்."

இரண்டு பேரும் அவளை மெச்சிக்கொண்டோம். கப்பலுக்கு நாங்கள் தயார் என்று எனக்கு அசாத்தியமான தைரியம் வந்துவிட்டது.

என் அண்ணன் நாகப்பட்டினம் வரை வந்து படகில் ஏற்றிவிட்டார். படகிலிருந்து கப்பலில் ஏறிய முதல் நாள் தலை தூக்க முடியவில்லை. கடல் ஆட்டத்தில் பிள்ளை குடித்த தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கும் பொரி உருண்டையும் அவள் வாயில் இறங்கவில்லை. மறுநாள் காலை கொஞ்சம் தெளிந்தாள். பசிக்குது என்றாள். எனக்கு உயிர் வந்தது. தலை வாரி, பட்டுப் பாவாடை கட்டி, சாப்பாட்டு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளைத் துணி விரித்த மேசை. கத்தி, கரண்டி, முள்கரண்டி. நடுவில் அட்டை. எடுத்துப் பார்த்தால் அவர் அனுப்பிய அட்டை மாதிரி இல்லை. தினமும் வேளைக்கு ஒன்று புதிதாக அடிப்பார்களாம், இதில் பக்கத்தில் அவருடைய தமிழும் இல்லை. பரவாயில்லை, மனப்பாடம் பண்ணிய அந்த மாட்டு எழுத்து இருக்கிறதா என்று மட்டும் தேடினேன். இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பட்லர் கோவாக்காரர். நடுத்தர வயது, வெள்ளை உடுப்பு, உடைந்த தமிழ். தட்டை நீட்டி, "அம்மா, வேணுமா?" என்றார்.

"வேணாம்" என்றேன், சிரித்த முகத்தோடு.

"பாப்பா?"

"வேணாம்" என்றாள் பிள்ளை, ஒத்திகையில் சொன்னபடியே.

அந்த மனுஷன் தலையை ஆட்டிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வருவார் என்று காத்திருந்தேன். வந்தார், வேறு தட்டோடு. அதற்கும் ஒரே தடவை கேட்டார், ஒரே தடவை வேண்டாம் என்றோம், போய்விட்டார். மேசை நடுவில் ரொட்டிக் கூடை ஒன்று இருந்தது. பரிமாறாத பண்டத்தை நாமாக எடுத்துத் தின்ன எங்கள் கைக்குப் பழக்கமில்லை. பிள்ளை அந்தக் கூடையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என் மேல் ஆத்திரம் வருகிறது.

மத்தியானமும் இதே கதை. சாயங்காலமும் இதே கதை. கேபினில் முறுக்கை நுணுக்கிக் கொடுத்தும் பிள்ளை ஓங்கரித்துத் துப்பிவிட்டாள். எப்பேர்ப்பட்ட கப்பல், உபசாரம் தெரியாத ஜனம் என்று மனதுக்குள் திட்டினேனே தவிர, வாயைத் திறக்கவில்லை. எழுதிய மனுஷர் கூச்சப்படாமல் வாங்கிச் சாப்பிடு என்றுதானே எழுதினார். வாங்கிக்கொள்வது வேறு, கேட்பது வேறு என்றுதான் நான் நினைத்தேன். அடுத்தவர் இடத்தில் சோறு கேட்பது பிச்சை எடுப்பதற்குச் சமம் என்று நினைத்திருந்த காலம்.

மூன்றாம் நாள் காலை பிள்ளை எழுந்திருக்கவில்லை. தூக்கி நிறுத்தினால் கால் மடங்கியது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. "பசிக்குதா?" என்றேன். "வேணாம்மா" என்றாள். என்னிடமே வேண்டாம் என்றாள். எனக்குத் தீவுதான் கண்ணில் தெரிந்தது.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு அறைக்குள் நுழைந்தேன். எங்கள் மேசையில் அட்டையும் இல்லை, தட்டும் இல்லை. சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் கப்பலே ஒரு தரம் நின்றிருக்கும்.

"ஏம்ப்பா, எங்களுக்கு மட்டும் எல போடாம வச்சிருக்க?"

பட்லர் ஓடி வந்தார். "அம்மா, நீ விரதம். நான் சமையல்ல சொல்லிட்டேன். அம்மா, பாப்பா, ரெண்டும் விரதம்."

"யாரு விரதம்? பிள்ள பசியில துவண்டு கெடக்கு!"

"நீதான் வேணாம் சொன்னே. ரொட்டி வேணாம், மீன் வேணாம், சோறு வேணாம்."

"ஒரு தடவ கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாக. நீ மறுக்கா கேட்டியா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எத்தினி தடவை கேக்கணும்?"

"மூணு."

சாப்பாட்டு அறை முழுக்க வெள்ளைக்காரர்களும் நம்மவர்களுமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், உள்ளே போனார். அட்டையில் இருந்ததா இல்லையா தெரியாது, ஒரு கிண்ணத்தில் பாலும் சீனியும் போட்ட ஓட்ஸ் கஞ்சியைக் கொண்டுவந்தார். பார்த்தால் நம் ஊர்க் கூழ்தான், வெள்ளை உடுப்பு போட்டிருந்தது. தரையில் முட்டி போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தார்.

"பாப்பா, வேணுமா?"

"வேணாம்."

"பாப்பா, வேணுமா?"

"வேணாம்."

"பாப்பா, வேணுமா?"

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். அழுதுகொண்டே ஆட்டினேன். கிண்ணம் காலியானது. அதன் பிறகு அவர் என் பக்கம் திரும்பி, கோர்ட்டில் கூப்பிடுவது போல, "அம்மா, சோறு வேணுமா, வேணுமா, வேணுமா?" என்று ஒரே மூச்சில் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணும்ப்பா" என்றேன்.

அதற்கப்புறம் அந்த அட்டையை நான் விடவில்லை. கப்பல் சாப்பாட்டைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கலாம், அதிகாரமாகச் சொல்வேன். முதல் வரி எப்போதும் தண்ணியாக இருக்கும், அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளக் கூடாது. மீனில் உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கறியும் சோறும் என்று ஒரு வரி தினமும் உண்டு, நம் நாக்குக்கு அதுதான் கதி. ஆடுகிற இனிப்பு உண்மையிலேயே ஆடும், பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். அட்டையில் இல்லாததையும் கேட்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கேட்காமல் இருந்தால்தான் அங்கே குற்றம்.

பிள்ளையிடம், "இனிமே ஒரு தடவ கேட்டாலே சரின்னு சொல்லணும்" என்றேன்.

"பறக்காவெட்டின்னு சொல்லமாட்டாகளா?"

"சொன்னா சொல்லட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, வளர்த்த வளர்ப்பை மூன்று நாளில் மாற்றுவது லேசா? பட்லர் எது கேட்டாலும் வேண்டாம் என்று அவள் வாய் தானாகச் சொல்லும். பிறகு என் முகத்தைப் பார்ப்பாள். நான் ஆட்டினால்தான் கரண்டியைத் தொடுவாள். பினாங்கு தெரிந்த நாள் காலையிலும் அப்படித்தான்.

துறைமுகத்துக்கு வெளியே கப்பல் நின்றதும் டாக்டர் துரை ஏறி வந்தார். கூட மொழி சொல்ல ஒரு தமிழ்க் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் முறை வந்தது. பிள்ளையின் கையைப் பிடித்துப் பார்த்தார். அவர் இரண்டு விரலுக்குள் அந்தக் கை அடங்கிவிட்டது. இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"பிள்ளை ஒழுங்கா சாப்பிடுதான்னு கேக்குறார்" என்றார் கிராணி.

"நல்லாச் சாப்புடுது சாமி" என்று நான் முந்திக்கொண்டேன்.

துரை என்னை நம்பவில்லை. மேசை மேலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். பிள்ளைக்கும் எனக்கும் நடுவில் வந்து குனிந்து அவளிடம் நீட்டினார். அவருடைய அகலமான முதுகு மொத்தமாக மறைத்துவிட்டது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவளுக்குத் தெரியாது.

"வேணுமான்னு கேக்குறார், பாப்பா" என்றார் கிராணி.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுதித் தீவுக்கு அனுப்பிவிடுவார். நான் அந்த முதுகுக்கு இந்தப் பக்கம் நின்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டு வேணும்" என்றது குரல்.

கிராணி சிரித்துக்கொண்டே, "ரெண்டா? எதுக்கு?" என்றார்.

"ஒண்ணு எனக்கு. ஒண்ணு எங்க அப்பாவுக்கு."

கிராணி சொன்னதைக் கேட்டு துரை வாய்விட்டுச் சிரித்தார். இரண்டு பிஸ்கட் கொடுத்தார், எங்கள் காகிதத்தில் கையெழுத்தைப் போட்டார். அவ்வளவுதான்.

கரையில் என் வீட்டுக்காரர் நின்றார். இளைத்து, காது ஓரத்தில் நரைத்திருந்தார். நான்தான் முதலில் அடையாளம் கண்டேன். அவர் பிள்ளையின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவள் தன் பங்கை ஏற்கெனவே தின்று முடித்திருந்தாள். மிச்சமிருந்த பிஸ்கட்டை அவரிடம் நீட்டினாள்.

"வேணுமா?"

அவர் நம் ஊர் வழக்கப்படி, "வேணாம்மா" என்றார்.

மறுபடி கேட்பாள் என்றுதான் அவர் கையை நீட்டத் தயாராக இருந்தார். எனக்குத் தெரியாதா? அவள் கேட்கவில்லை. பிஸ்கட்டைத் தன் வாயில் போட்டு நறுக் நறுக்கென்று கடித்தாள். தன் பிள்ளை தின்பதை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். அவள் தின்று முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு அவர் எழுந்திருக்கவே இல்லை.