தட்டினால் விட வேண்டும்: நிந்தவூரில் ஒரு பிடிச் சண்டைக்காரர்

2009 ஜூலையில், போர் முடிந்து இரண்டு மாதங்களுக்குப் பின் அம்பாறைக் கரைக்குப் போனேன். கூண்டுச் சண்டைக்காரர் றிஸ்வியைச் சந்திப்பதே நோக்கம். குத்திலோ உதையிலோ அவருக்கு நாட்டமில்லை. எதிராளியைத் தரையில் சாய்த்துக் கழுத்தையோ கையையோ பூட்டிவிடுவார். தோஹாவில் சில வருடங்கள் அப்படித்தான் வென்றார். கடைசிப் போட்டியில், எதிராளி தோல்வியை ஏற்று இரண்டு முறை தட்டிய பிறகும் பிடியை விடவில்லை. அந்த ஆளின் கை முறிந்தது. றிஸ்விக்கு ஒரு வருடத் தடை. அது முடியும் தறுவாயில், மறுபடி போட்டி கொடுப்பதா என்று ஏற்பாட்டாளர்கள் தயங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொழும்புப் புறக்கோட்டையில் மாலை ஏழு மணிக்கு பஸ் ஏறினால் விடியும்போது கல்முனை. வழியில் இரண்டு இடங்களில் பையோடு இறக்கிச் சோதித்தார்கள். அங்கிருந்து நிந்தவூர் எட்டுக் கிலோமீற்றர். அக்கரைப்பற்று பஸ்ஸில் இருபது ரூபாய். கடல் பக்கம் பார்த்தபடியே போனேன். 2004 சுனாமியில் சுவர்கள் போய்ச் சீமெந்துத் தரை மட்டும் மிஞ்சிய வீடுகள் இன்னும் இருந்தன.

சந்தியில் ஆட்டோவோடு நின்றவர் நவாஸ், றிஸ்வியின் பயிற்சித் துணை. றிஸ்வியைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அழைப்பார்.

"பேப்பர்காரரா? ஏறுங்க சேர். காக்கா மாறிட்டார் எண்டு எழுதுங்க, அவருக்குச் சண்ட கெடைச்சிரும்."

"மாறிவிட்டாரா?"

"என்ட தல இன்னும் கழுத்துலதானே இரிக்கி!"

சிரித்தார். கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பில்லாமல் தொடர்ந்தார்.

"கடல் வந்த அண்டைக்குக் காக்கா லீவுல வந்து நிண்டவர். ஒரு கையால ஜன்னல் கம்பி, மத்தக் கையால தம்பிட நெஞ்சச் சுத்திப் பிடி. தண்ணிக்குள்ள தம்பி ரெண்டு தட்டுத் தட்டியிரிக்கான். பழகின கை சேர். தட்டினா விடணும். விட்டுட்டார்."

"தம்பி ஏன் தட்டினார்?"

"அது ஆருக்குத் தெரியும்? மையித்தும் கெடைக்கல்ல, அடக்கவும் ஒண்ணுமில்ல."

பயிற்சிக்கூடம் ஒரு பழைய நெல் களஞ்சியம். சாக்குகளைத் தைத்து வைக்கோல் அடைத்துப் பாய் போட்டிருந்தார்கள். றிஸ்வி மெலிந்தவர், காது இரண்டும் நசுங்கித் தடித்திருந்தன. தேநீர் தந்தார். அதிகம் கதைக்கவில்லை. பிறகு இருவரும் பாயில் இறங்கினார்கள். மூன்று முறை நவாஸைப் பூட்டினார், மூன்று முறையும் தட்டியவுடன் விட்டார். நவாஸ் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

நான்காவது முறை பின்னாலிருந்து கழுத்தைப் பிடித்தார். நவாஸ் தட்டினார். மறுபடி தட்டினார். றிஸ்வியின் கண்கள் மூடியிருந்தன, முகத்தில் கோபமே இல்லை. நவாஸின் கை பாயில் விழுந்தது. நான் ஓடிப்போய் றிஸ்வியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

நினைவு திரும்பியதும் நவாஸ் முதலில் என்னைத்தான் தேடினார்.

"நான் தட்டல்ல சேர். அப்பிடியே எழுதுங்க."

"பொய் செல்லாத," என்றார் றிஸ்வி. தன் கைகளைப் பார்த்தபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "நீ தட்டினாய். எனக்கு வெளங்கினது. சேர், கண்டத எழுதுங்க."

"காக்கா, பொழப்புப் போயிரும்!"

"போகட்டும். நீ உசிரோட இரி."

அன்று மாலையே தோஹாவுக்குத் தொலைபேசியில் பேசி, வரவில்லை என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். காரணம் கேட்டிருப்பார்கள் போலும். "என்ட கை சரியில்ல" என்றார்.

முப்பது வருடமாகப் போரையும் அழிவையும் எழுதி வருகிறேன். யார் மேல் பிழை என்று கேட்டுப் பழகிய எனக்கு இங்கே அந்தக் கேள்வி உதவவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: அடையாள அட்டையை மறக்காதீர்கள். வெள்ளி நண்பகல் கடைகள் பூட்டியிருக்கும். சந்தியில் கேட்டால் நெல் களஞ்சியத்துக்கு வழி காட்டுவார்கள்; பின்னேரம் நாலு மணிக்குப் பயிற்சி தொடங்கும், யாரும் பார்க்கலாம். றிஸ்வி அங்கே இப்போது கற்றுக்கொடுக்கிறார். பிடிகளை வாயால்தான் விளக்குகிறார். யாரையும் தொடுவதில்லை.