நண்டு ஆர்டரும் ஓட்டை பிளகினும்

சனிக்கிழமை காலை மெயிலைத் திறந்ததும் என் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. பழவேற்காட்டில் உயிர்நண்டு விற்கும் நசீமா அக்காவின் வெப்சைட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அதில் ஆர்டர் எடுக்கச் செருகியிருக்கும் பிளகினில் ஓட்டையாம்; அதைச் செய்த கம்பெனியே எழுதியிருந்தது. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன். தேதி போடும் கட்டத்தில் தேதிக்குப் பதில் டேட்டாபேஸுக்கான கட்டளையை எழுதி அனுப்பினால், பிளகின் அதை அப்படியே நிறைவேற்றி, கேட்டதைக் கொடுத்துவிடும். பாஸ்வேர்டே வேண்டாம். வருவதைச் சரிபார்க்கக்கூடத் தெரியாதவனெல்லாம் எதற்குக் கோட் எழுதுகிறான்?

அனுப்பம்பட்டிலிருந்து பைக்கில் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கூடை கூடையாகக் கால் கட்டிய நண்டுகள். மறுநாள் சென்னைக்கு டெலிவரி.

"அக்கா, ஆர்டரை நிறுத்துறேன்."

"இன்னாது? சரக்கு எடுத்து வச்சுட்டேன். நிறுத்துனா எல்லாம் செத்துடும். நாம கார்டு நம்பரே வாங்கறதில்ல. திருடன் இன்னாத்த எடுத்துனு போவான்?"

லேப்டாப்பில் ஆர்டர் பட்டியலைத் திறந்து, குறிப்புக் கட்டத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். "வீட்ல ஆள் இல்ல. சாவி செருப்பு ஸ்டாண்டுக்குக் கீழ. நண்டை ஈரச் சாக்கோட சிங்க்ல வச்சுடுங்க." இப்படி நிறைய. பக்கத்திலேயே முகவரி, போன் நம்பர். நண்டு சாகக் கூடாது என்று அக்காதான் எல்லாரையும் விவரமாக எழுதச் சொல்லியிருந்தார்.

"யா அல்லா" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிளகினை நிறுத்தினேன். வெப்சைட்டுக்கு யார் என்ன அனுப்பினார்கள் என்று பதிவாகும் லாக் ஃபைலைக் காப்பி எடுத்துப் பார்த்தேன். எவனோ தேதிக் கட்டத்தில் முழ நீளத்துக்குக் கட்டளை அனுப்பியிருந்தான். அவனுக்குப் போன பதிலும் பெரிது. விவரம் வெளியே போய்விட்டது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பாஸ்வேர்டுகளை மாற்றினேன். பிளகினின் சரிசெய்த வெர்ஷனைப் போட்டேன்.

"கஸ்டமருங்ககிட்ட சொல்லணும்க்கா."

"சொன்னா எவன் வாங்குவான்? மெயில் போட்டு வுடேன்."

"மெயிலை எவன் படிக்கிறான்? நண்டு செத்தா நமக்கு நட்டம். அவங்க வீட்ல திருடன் பூந்தா?" என்று கத்தினேன்.

முறைத்தார். பிறகு போனை எடுத்தார்.

"சார், நண்டு நசீமா பேசறேன். எங்க வெப்சைட்ல எவனோ பூந்துட்டான். சாவிய அங்கேருந்து எடுத்துடுங்க. தப்பு எங்களோடதுதான்."

ஸ்பீக்கரில் எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. நான் திட்டு வாங்கத் தயாரானேன்.

"எடுத்துட்டேம்மா. நாளைக்கு நண்டு வருமா வராதா?"

ஒரு அம்மா காது கிழியத் திட்டி ஆர்டரை ரத்து செய்தார். இன்னொருவர், போன் போட்டுச் சொன்னதற்காகவே இரண்டு மடங்கு நண்டு கேட்டார். சாயங்காலத்துக்குள் கூடைகளில் இருந்த அத்தனை நண்டுக்கும் ஆள் உறுதியாகிவிட்டது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, ஓட்டையை அடைப்பது பாதி வேலைதான். என்ன வெளியே போனதென்று பாருங்கள். யாருடையதோ அவருக்கு அன்றைக்கே போன் போட்டுச் சொல்லுங்கள். பூசி மெழுகாதீர்கள்.

பழைய குறிப்புகளை அழித்து, அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டேன். ஆள் இல்லாத வீட்டுக்கு இப்போது நண்டு கிடையாது. "ஞாயித்துக்கிழமையும் எனக்கு டியூட்டிங்க" என்று ஒருவர் சண்டைக்கு வந்தார்.

"அப்ப கருவாடு வாங்கிக்கோங்க சார். அது உங்களுக்காகக் காத்துனு இருக்கும்" என்றார் அக்கா.