விரதம் இருந்த மலைப்பாம்பு

ரங்கூனில் நான் முதன்முதலாக ஒரு பாம்பு வாங்கியபோது எனக்கு வயது முப்பத்தெட்டு. அதற்கு முன் நானாகத் தேர்ந்தெடுத்து வாங்கி வளர்த்த உயிர் ஒன்றே ஒன்றுதான், ஒரு துளசிச் செடி. அதுவும் பட்டுப்போயிற்று.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் பசுண்டாங் ஓடைக்கரையில் இருந்த ஓர் அரிசி ஆலையில் நான் கிடங்குக் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். மூட்டைகள் பேசாது என்பதற்காகவே அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அந்த வருஷம் எலிகள் மூட்டைகளைக் குதறிவிட்டன. மார்கழி ஆரம்பத்தில் ஆலை மானேஜர் துரை வந்து ஒரு மூட்டையின் ஓட்டைக்குள் விரலை விட்டார். அரிசி அவருடைய பூட்ஸின் மேல் கொட்டியது. தை மாதக் கடைசியில் கப்பலுக்கு ஏற்றுவதற்கு முன்பு மறுபடி வருவேன், அப்போதும் இப்படி இருந்தால் வேறு கிராணி பார்த்துக்கொள்வேன் என்றார். வேறு கிராணியைத் தேடி அவர் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் மேஸ்திரியின் மைத்துனன் தினமும் கிடங்கு வாசலில் நின்று என் நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

பூனைகள் ஏற்கெனவே இரண்டு இருந்தன. சாக்குத் தைக்கும் பெண்கள் அவற்றுக்குக் கருவாடு போட்டே பழக்கியிருந்தார்கள். எலிகள் அவற்றின் வாலைத் தாண்டிப் போய்வந்தன. பக்கத்துச் சீனர் ஆலையில் மலைப்பாம்பு வைத்திருக்கிறார்களே, நீயும் ஒன்று வை என்றார் துரை, ஒரு குடை வாங்கிக்கொள் என்பதுபோல. எனக்குப் பாம்பென்றால் பயம் என்று சொல்லியிருக்க வேண்டும். "சரி சார்" என்றேன். என் வாழ்க்கையின் தொல்லைகளில் பாதி அந்த இரண்டு சொற்களில் தொடங்கியவை.

கியாக்தான் பக்கத்திலிருந்து ஒரு பர்மியப் பெரியவர் படகில் பாம்புகள் கொண்டுவருவார். மாமா என்ற பொருளில் அவரை எல்லோரும் 'ஊலே' என்றுதான் அழைப்போம். படித்துறையில் மூன்று கூடைகளைத் திறந்து காட்டினார். முதல் பாம்பு சீறியது. இரண்டாவது நாக்கை நீட்டி நீட்டி என்னை மோப்பம் பிடித்தது. மூன்றாவது சுருண்டு, யாரையும் பாராமல், மங்கிய கண்களோடு கிடந்தது. கூச்சமுள்ள பாம்பு, நம்மைப் போல என்று முணுமுணுத்து அதைக் காட்டினேன்.

பெரியவர் சிரித்தார். மூட்டை தூக்கும் ஆட்களோடு பழகிப் பழகி அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்; ஐயா என்பதை மட்டும் பர்மிய மொழியில் சொல்வார். "சயா, இது வெக்கம் இல்ல. தோல் உரிக்கப் போவுது. கண்ணு தெரியாது. தொட்டா கடிக்கும்."

நாக்கு நீட்டுவதுதான் நல்ல பாம்பு, அதை எடுத்துப் போ என்று அவர் பலமுறை சொன்னார். வாய்க்குள் சளி இருக்கிறதா, செதில்களுக்கு நடுவே உண்ணி இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அதற்குள் படித்துறையில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். இத்தனை பேர் முன்னால் மனசை மாற்றிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. குருட்டுப் பாம்பையே தூக்கிக்கொண்டு வந்தேன். பத்து நாளில் அது தோலை உரித்துப் போட்டுவிட்டுக் கண்ணாடிக் கண்களோடு என்னைப் பார்த்தது. கூச்சம் துளியும் இல்லை.

வீட்டுவசதி விஷயத்தில் மட்டும் பெரியவர் சொன்னதை அப்படியே செய்தேன். தேயிலைப் பெட்டி ஒன்றுக்குக் கம்பி வலை அடித்தேன். மார்கழிக் குளிர் தாக்காமல் கொதிகலன் அறையை ஒட்டிய சுவரோரம் வைத்தேன். உள்ளே பழைய சாக்கு, முங்கிக் கிடக்க ஒரு தண்ணீர்த் தொட்டி, மூடியின் மேல் இரண்டு செங்கல். இடம் பழகும்வரை திறக்கக் கூடாது, தின்ற பிறகு தொடக் கூடாது. தோல் உரித்த மறுநாள் பொறியில் விழுந்த எலி ஒன்றை உள்ளே விட்டேன். அது எலியைச் சுற்றியதைப் பார்த்து முடிக்க என்னால் முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வால் மட்டும் வெளியே இருந்தது. அன்று முழுவதும் எனக்கு ஒரு பெருமை, எலியை நானே பிடித்து விழுங்கியதுபோல. அதன்பின் மூடியைத் திறந்து விட்டேன்; இரவில் எலி தேடிவிட்டு விடிந்ததும் பெட்டிக்கே திரும்பிவிடும். தை பிறந்தபோது எலிச் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது.

உரித்த தோலை நான் தூக்கிப் போட்டதுதான் தவறு. மேஸ்திரி அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு துண்டைத் தன் பணப்பையில் வைத்தார். மற்றவர்களும் ஆளுக்கொரு துண்டு கேட்டார்கள். தையின் முதல் வெள்ளிக்கிழமை பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தாயிற்று. ஊரில் யாரும் மலைப்பாம்பைக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. புற்றும் நாகமும்தான் வழக்கம். ஆனால் கடல் தாண்டி வந்த இடத்தில் புற்றுக்கு எங்கே போவது? கிடைத்த பாம்பை நாகமாக்கிக்கொண்டார்கள். பால், முட்டை, பொரி, வாழைப்பழம் எல்லாம் வந்தன. இரண்டாவது வெள்ளிக்கிழமை யாரோ நேர்ந்துகொண்டு உயிருள்ள கோழி ஒன்றையும் விட்டார்கள்.

பாம்பு பாலைத் தொடவில்லை, முட்டையையும் தொடவில்லை. கோழியை மட்டும் விழுங்கிவிட்டு வயிறு புடைக்க ஒரு வாரம் படுத்துக்கொண்டது. பாலையும் முட்டையையும் பொரியையும் எலிகள் பார்த்துக்கொண்டன. பக்கத்து ஆலை எலிகளும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். புதிய ஓட்டைகள் விழத் தொடங்கின. மேஸ்திரியின் மைத்துனன் நெற்றி நிறையத் திருநீறு பூசி எல்லோருக்கும் முன்னால் நின்று கும்பிட்டான். அவனுடைய பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. எதற்காக வேண்டிக்கொண்டான் என்பதும் எனக்குத் தெரியும்.

வாயால் சொல்லக் கூச்சப்பட்டு, 'பாம்புக்கு உணவு வைக்காதீர்கள்' என்று ஒரு பலகையில் எழுதித் தொங்கவிட்டேன். ஆட்களில் படிக்கத் தெரிந்தவன் மேஸ்திரியின் மைத்துனன் ஒருவன்தான்; அவன் அதைப் படித்துச் சொல்லவில்லை. மற்றவர்கள் சாமியின் பெயர் எழுதியிருப்பதாக நினைத்து மறுநாள் பலகைக்கும் பொட்டு வைத்துச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள்.

துரை வர இரண்டு வாரம்தான் இருந்தது. மூன்றாவது வெள்ளிக்கிழமைக்காக மூன்று நாள் தனியே பேசிப் பழகினேன். பாம்பு பால் குடிக்காது, எலிதான் குடிக்கிறது, எலி பெருகினால் நான் வேலையை இழப்பேன் என்று வரிசையாகச் சொல்ல வேண்டியது. வெள்ளிக்கிழமை பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். நாற்பது பேர், கையில் செம்பும் தட்டுமாக.

மேஸ்திரி, "கிராணி ஐயா, கொஞ்சம் வழி விட்டா சாமிக்குப் பாலை வச்சிட்டு வேலைக்குப் போயிருவோம்" என்றார்.

பழகியது அத்தனையும் மறந்துவிட்டது. "சாமி விரதத்துல இருக்கு" என்றேன்.

எத்தனை நாளைக்கு என்று மேஸ்திரி கேட்டார்.

"கப்பல் ஏத்துற வரைக்கும். எலியைத் தவிர வேற எதையும் தொடாதாம்."

பின்னாலிருந்து ஒருவன், "எலியைத் தின்னுக்கிட்டு என்னய்யா விரதம்?" என்றான்.

நான் தொலைந்தேன் என்றே நினைத்தேன். என்னைக் காப்பாற்றியவர் மேஸ்திரி. நாற்பது பேரில் விரதத்தைப் பற்றித் தன்னைவிட அதிகம் தெரிந்தவன் ஒருவன் இருப்பதை அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது. "அது அதோட விரதம்டா. நீ விரதத்தன்னிக்குக் கள்ளு குடிக்கலையா?" என்று அவனை அடக்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "யாரு சொன்னா ஐயா உங்களுக்கு?"

நான் பெட்டியைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் பார்த்தேன். நாற்பது பேரும் என்னைப் பார்த்துக் கை கூப்பினார்கள்.

அன்றிலிருந்து பால் நின்றது, முட்டையும் நின்றது. கோழி செரித்ததும் பாம்பு பசியோடு வேலைக்குப் போயிற்று. தைக் கடைசியில் துரை வந்து கைத்தடியால் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார். கிடைத்த ஓட்டைகள் எல்லாம் பழையவை, தைக்கப்பட்டவை. பெட்டியில் என்ன சிவப்பு என்று கேட்டார். மேஸ்திரி தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விரதத்தை விளக்கினார். துரை வெகுநேரம் சிரித்தார். பிறகு, இவ்வளவு அக்கறையாகப் பாம்பைப் பழக்கியதற்காக மேஸ்திரியின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றேன். என் நாற்காலி மட்டும் என்னிடமே இருந்தது.

அதற்கு விலை இல்லாமல் இல்லை. யாரோடும் பேச வேண்டாம் என்றுதான் கிடங்குக்கு வந்தேன். இப்போது பெண் எப்போது பிரசவிப்பாள், ஊருக்கு எந்தக் கப்பலில் போகலாம், களவு போன செம்பு யாரிடம் இருக்கிறது என்று பாம்பைக் கேட்டுச் சொல்ல என் முன்னால் தினமும் வரிசை நின்றது. சலவைச் சட்டையோடு ஒருநாள் அந்த வரிசையில் மேஸ்திரியின் மைத்துனனும் நின்றான்.

"ஐயா, எனக்குக் கிராணி வேலை எப்பக் கிடைக்கும்னு சாமிகிட்ட கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

அன்று எனக்குக் கூச்சமே வரவில்லை. எழுந்து போய்ப் பெட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன்.

"கேட்டாச்சு. இந்தக் கெடங்குல இல்லையாம்" என்றேன்.