மேகத்தில் ஒரு சந்து

மூணாறில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தாள் மாரீஸ்வரி. முப்பத்தொன்பது வயதில் அவளுக்கு ஹெலிகாப்டர் விமானிப் பயிற்சியில் இடம் கிடைத்தது. மருத்துவப் பரிசோதனையிலும் தேறிவிட்டாள். சேருகிறாளா இல்லையா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். தேயிலைத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவன் பாண்டித்துரை முகம் கொடுத்தே பேசவில்லை.

"இந்த வயசுல மேல போயி விழணும்னு என்ன தலையெழுத்து?" என்று ஒரு தடவை கேட்டதோடு சரி.

சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் விமானி ஜினோவை அவளுக்குத் தெரியும். மாணவர்களை ஹெலிகாப்டர் பார்க்க அழைத்துப் போனபோது ஏற்பட்ட பழக்கம். "முடிவெடுக்கும் முன்னே ஒருக்கா முன்சீட்டில் இருந்து பாருங்க டீச்சரே" என்றார் அவர்.

புதன்கிழமை காலை ஏறினாள். பின்சீட்டில் திருச்சூரிலிருந்து வந்த ஒருவர், மனைவி, மகளோடு. மாட்டுப்பட்டி அணைக்கு மேல் நல்ல வெயில். ஜினோ வட்டமடித்துத் திரும்பினார். வந்த வழியைக் காணோம். பள்ளத்தாக்கு முழுக்க மேகம் ஏறியிருந்தது. பக்கவாட்டிலும் வெள்ளை நெருங்கி வந்தது. சிறுமி அழத் தொடங்கினாள்.

"அந்தா சந்து தெரியுது! அது வழியா போயிரலாம்!" என்று மாரீஸ்வரி கைகாட்டினாள்.

ஜினோ அந்தப் பக்கம் திரும்பவில்லை. "இறங்கப் போறேன். கரண்டுக் கம்பி இருக்கான்னு பாருங்க."

கீழே ஒரு புல்மேடு மங்கலாகத் தெரிந்தது. அவள் கண்ணைக் கொட்டாமல் பார்த்தாள். "இடது பக்கம் கம்பி!" குரல் கிறீச்சிட்டது. ஹெலிகாப்டர் வலப்புறம் நகர்ந்து, ஆடி, தரையில் உட்கார்ந்தது.

இறங்கியதும் திருச்சூர்க்காரர் கத்தினார். "அந்த டீச்சரே வழி காட்டினாங்களே! உனக்குத் தெரியலையா?"

"மன்னிக்கணும் சார். ஜீப் வரச் சொல்லியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார் ஜினோ. திருச்சூர்க்காரர் விடாமல் திட்டினார். ஜினோ கேட்டுக்கொண்டு நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மேகம் விலகியது. அவள் கைகாட்டிய இடத்தில் செங்குத்தான பாறை நின்றது. மாரீஸ்வரி புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் பாண்டித்துரையிடம் எதையும் மறைக்கவில்லை. "நான் ஓட்டியிருந்தா அதுக்குள்ள போயிருப்பேங்க. அஞ்சு பேரும் செத்திருப்போம்."

"அப்ப வேண்டாம்னு சொல்லிரு."

"அப்படித்தான் நெனச்சேன். ஆனா அவரு எப்படிப் பார்த்தாருன்னு எனக்குத் தெரியணும். அதைப் படிச்சுத்தானே ஆகணும்?"

"படிக்கிறதுக்குள்ள என்னமாவது ஆயிட்டா?"

வெள்ளிக்கிழமை அவள் பயிற்சிப் பள்ளிக்குப் போன் செய்து, சேருவதாகச் சொன்னாள். பாண்டித்துரை எழுந்து வெளியே போய்விட்டான்.

ஆனாலும் அவள் பயிற்சிக்குக் கிளம்பிய நாளில், மலையிறங்கி ஆலுவா ரயில் நிலையம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

இப்போது பயிற்சியில் பாதி தாண்டிவிட்டாள். முடித்தால் வேலை கிடைக்குமா என்பது தெரியாது. தினமும் காலையில் பாண்டித்துரை போன் செய்கிறான். சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன், அங்கே வானம் எப்படி இருக்கிறது என்று கேட்கிறான்.